ஒன்றரை லட்சத்துக்குள் பூட்டிய கொம்பியூட்டர்: ஒரு மாரியும் ஒரு கச்சானும் தாண்டிய பிறகு

தங்கச்சி மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிறாள். வீடியோ எடிட்டிங், போட்டோ வேலை எல்லாம் ஒரு பழைய லெப்டொப்பில்தான், பத்து நிமிட வீடியோ ஒன்றை எக்ஸ்போர்ட் பண்ண விட்டால் குளித்துச் சாப்பிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. 2024 ஆவணியில் 150,000 ரூபாய் ஒதுக்கி டெஸ்க்டொப் ஒன்று பூட்டிக் கொடுத்தேன். மொனிட்டர் வீட்டில் இருந்தது, யூபிஎஸ் கணக்குத் தனி, பெட்டிக்குள் போகிற சாமானுக்கு மட்டும்தான் இந்தக் காசு.

முதலில் டவுனில் ஒரு கடையில் கொட்டேசன் எடுத்தேன். "ஐ7, 16 ஜீபி ராம், புத்தம் புதுசு" என்று ஒரு லட்சத்துக்குக் கீழே எழுதித் தந்தார்கள். ஐ7-க்குப் பிறகு வருகிற இலக்கம் என்ன என்று கேட்டால் 3770. அது 2012-ல் வந்த சிப். மதர்போட் பெட்டி புதிதுதான், ஆனால் உள்ளே இருப்பது அந்தக் காலத்து எச்61, ராம் டிடிஆர்3 என்ற பழைய வகை. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையாவது வேண்டும் என்று மைக்ரோசொப்ட் சொல்கிறது, விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அப்படியென்றால் வாங்கி ஒரு வருடத்திலேயே சிக்கல். ஐ7 என்ற பெயரை மட்டும் பார்த்துப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிற அப்பா அம்மா எத்தனை பேர் என்று நினைக்க எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

கடைசியில் வாங்கியது காத்தான்குடியில் ஒரு சின்னக் கடையில். கடைக்கார நானா நான் எழுதிக்கொண்டு போன லிஸ்டைப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினார், இரண்டும் சரியான திருத்தம். நான் எழுதியிருந்தது ரைசன் 5 5600. "தம்பி, கிராபிக்ஸ் கார்ட் எடுக்கலையே, இதுல படம் வராது, ஜி உள்ளத எடுங்க" என்றார். 5600ஜி-யில் 6 கோர், 12 திரெட், கூடவே வேகா கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, தனிக் கார்ட் தேவையில்லை. இரண்டாவது ராம். 16 ஜீபி ஒற்றைத் துண்டாக எழுதியிருந்தேன், பிறகு கூட்டலாம் என்ற எண்ணம். அவர் 8 ஜீபி இரண்டு போடச் சொன்னார். உள் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ராமைத்தான் பகிர்ந்து எடுக்கும், இரண்டு துண்டு போட்டால் இரண்டு வழியாக டேட்டா ஓடும். இதைச் சொல்லாமல் ஒற்றைத் துண்டை விற்றிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அப்புறம் பயோஸுக்குள் (மதர்போட்டின் அடிப்படை செட்டிங் இருக்கிற இடம்) போய் ராமின் வேகத்தை 3200-க்கு அவரே மாற்றியும் தந்தார், பல ராம்களில் அது தானாக மாறாது, பல பேருடைய கொம்பியூட்டரில் குறைந்த வேகத்திலேயே கிடக்கிறது.

மதர்போட் ஏ520. ஓவர்குளொக் (சிப்பைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்ய முடியாது, தங்கச்சிக்கு அது தேவையும் இல்லை. விலை குறைவு என்று பழைய பி450 எடுக்கிறவர்கள் பயோஸ் அப்டேட் பண்ணியதா என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 5000 வரிசை சிப்பைப் போட்டால் ஓன் ஆகாது. எஸ்எஸ்டி 1 டீபி, என்விஎம்ஈ என்ற வேகமான வகை. கேசிங் சாதாரணமானது, முன்னால் வலை உள்ளது.

சரி, பவர் சப்ளைக்கு வருகிறேன், நான் எழுத உட்கார்ந்ததே இதுக்காகத்தான். முதல் கடைக் கொட்டேசனில் அது ஒரு வரியாகக்கூட இல்லை, "கேசிங்கோட சும்மா வருது" என்றார்கள். அதே மாதிரி சும்மா வந்த ஒன்றுதான் முன்பு என்னுடைய மெஷினில் இருந்தது. ஒரு ஐப்பசி மாதம், இடி மழை, கறண்ட் போய் வந்தது, வந்த வேகத்தில் ஒரு சத்தம், பவர் சப்ளை போனதோடு மதர்போட்டையும் ஹாட் டிஸ்க்கையும் கொண்டு போய்விட்டது. அம்மம்மாவின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன, வேறு எங்கும் இல்லை. பிறகு அதைக் கழற்றி லேபலை வாசித்தேன். வெளியே 500 வொட் என்று பெரிதாக இருக்கிறது, 12 வோல்ட் வரியில் 16 அம்பியர். பெருக்கிப் பாருங்கள், 192 வொட். சிப்பும் கிராபிக்ஸ் கார்டும் கறண்ட் எடுப்பது அந்த 12 வோல்டில் இருந்துதான், மிச்ச எண்கள் லேபலை நிரப்ப. கையில் தூக்கினாலும் தெரியும், வெறும் டப்பா மாதிரிப் பாரம் இல்லாமல் இருந்தது.

இந்த முறை 550 வொட், 80 பிளஸ் புரொன்ஸ் (கறண்டை அதிகம் வீணாக்காது என்கிற தரச் சான்று) உள்ளது, 18,500 ரூபாய். 12 வோல்ட் வரியில் மட்டும் 500 வொட்டுக்கு மேல் தரும். இந்த மெஷினுக்கு அவ்வளவு வேண்டியதில்லை, 5600ஜி 65 வொட் சிப்தான். ஆனாலும் நல்ல பவர் சப்ளையில் கூடுதல் வோல்டேஜ், ஷோர்ட் எல்லாம் வந்தால் தன்னை நிறுத்திக்கொள்கிற பாதுகாப்பு இருக்கிறது, பிறகு கார்ட் போட்டாலும் மாற்றத் தேவையில்லை. எல்லாம் சேர்த்து 144,000 வந்தது. கொழும்பில் யூனிட்டி பிளாசாவில் விசாரித்தபோது சில ஆயிரம் குறைவாகத்தான் சொன்னார்கள், ஆனால் ஒரு ராம் துண்டு பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு இரவு பஸ் ஏறவேண்டும். உண்மையாகவே வாங்கி ஆறாம் மாதம் ஒரு துண்டு பழுதானது. நானா பழைய துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டுத் தந்து, மூன்று கிழமையில் புதிதை வாங்கித் தந்தார், ஒரு சதம் கேட்கவில்லை.

குறைகளும் இருக்கு. சிப்போடு வருகிற கூலர் கச்சான் என்கிற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் எக்ஸ்போர்ட் நேரம் கத்துகிறது, பின்பக்கம் ஒரு பேன் சேர்த்த பிறகுதான் சூடு அடங்கியது. கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, உப்புக்காற்றில் கேசிங்கின் மலிவான ஸ்குரூக்கள் துருப்பிடித்துவிட்டன, உள்ளே தூசியும் ஈரமாக ஒட்டுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை புளோவர் அடிக்கிறோம். அனிமேஷன் மாதிரிப் பாரமான வேலைக்கு உள் கிராபிக்ஸ் போதாது, பிறகு கார்ட் போட்டாலும் 5600ஜி-யில் பிசிஐஈ 3.0 (கார்டுக்கும் சிப்புக்கும் இடையில் டேட்டா ஓடுகிற பாதை, பழைய தலைமுறை) மட்டும்தான். வீடியோ வெட்டவும் போட்டோவுக்கும் எந்தத் தடையும் இல்லை, முன்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது இப்போது கால் மணித்தியாலத்துக்குள் முடிகிறது.

இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: 2025 கடைசியில் இருந்து ராமும் எஸ்எஸ்டியும் உலகம் முழுக்க விலை ஏறியிருக்கிறது, மெமரி சிப்புகள் ஏஐ சேர்வர்களுக்குப் போகின்றன. என் கணக்கு இன்று அப்படியே வராது. காசு முட்டினால் எஸ்எஸ்டியை 500 ஜீபி ஆக்குங்கள், கேசிங்கில் குறையுங்கள், நல்ல நிலையில் உள்ள பழைய டிடிஆர்4 ராம் கிடைத்தால் கடையில் வைத்துச் சோதித்துவிட்டு எடுங்கள்.

யூபிஎஸ் 650 விஏ. போன மாரியில் ஒரு இரவு மட்டும் மூன்று தடவை கறண்ட் போனது, தங்கச்சி மறுநாள் கொடுக்க வேண்டிய வேலையில் இருந்தாள். மூன்று தடவையும் யூபிஎஸ் பீப் பீப் என்று கத்த, சேவ் பண்ணி நிறுத்திவிட்டு, கறண்ட் வந்ததும் விட்ட இடத்தில் இருந்து தொடங்கினாள். காலையில் பென் டிரைவோடு போனாள்.