ரிமூவ் கொடுத்தும் போகாதவை: டெபியன் சர்வரில் சில ஆண்டுகள்

2021 கடைசியில் மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்தேன். 2 ஜிபி ரேம், டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளம். முதல் நாளே லாக் கோப்பைத் திறந்தால், முன்பின் தெரியாத ஐபி முகவரிகளிலிருந்து ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பயந்துபோய் ஃபெயில்2பேன் (தவறான உள்நுழைவுகளைத் தடுப்பது), கிளாம்ஏவி (வைரஸ் தேடுவது), ஆர்கேஹன்டர் (ஒளிந்திருக்கும் ஊடுருவல் நிரல்களைத் தேடுவது), யுஎஃப்டபிள்யூ (ஃபயர்வால்) என்று கண்ணில் பட்ட பாதுகாப்பு பேக்கேஜ்களையெல்லாம் ஒரே மூச்சில் நிறுவினேன். ஐந்து நிமிட வேலை. அவற்றில் பாதியை வெளியேற்றத்தான் படாத பாடு பட்டேன்.

முதலில் சிக்கியது நானே. ஃபெயில்2பேன் தன் இயல்பில், பத்து நிமிடத்துக்குள் கடவுச்சொல் ஐந்து முறை தவறினால் அந்த ஐபி முகவரியைப் பத்து நிமிடம் தடுக்கும். எனக்கு அது போதவில்லை, ஜெயில்.லோக்கல் என்று நானே உருவாக்கிய அமைவுக் கோப்பில் தடையை ஒரு வாரமாக்கினேன். இரண்டு நாள் கழித்து, புதிதாக மாற்றிய கடவுச்சொல்லை மறந்து ஐந்து முறை தவறாக அடித்தேன். கதவு சாத்திக்கொண்டது. வாடகை நிறுவனத்தின் வலைக் கன்சோல் வழியாக நுழைந்து சேவையை மறுதொடக்கம் செய்தேன். தடை அப்படியே திரும்பி வந்தது. எரிச்சலில் ரிமூவ் என்ற நீக்கும் கட்டளையைக் கொடுத்து, மறுபடியும் நிறுவினேன். அப்போதும் அதே தடை! தடுத்த முகவரிகளை அது வட்டில் ஒரு சிறு தரவுத்தளக் கோப்பில் (எஸ்கியூலைட்) எழுதி வைக்கிறது; ரிமூவ் அதைத் தொடுவதே இல்லை. தடையை விலக்கும் அன்பேன்ஐபி என்ற ஒற்றைக் கட்டளையில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

அன்றுதான் ரிமூவுக்கும் பர்ஜ் என்ற இன்னொரு நீக்கும் கட்டளைக்கும் உள்ள வேறுபாடு உறைத்தது. ரிமூவ் நிரலை எடுத்துவிட்டு அமைவுக் கோப்புகளை விட்டுவைக்கும். டெபியனின் பேக்கேஜ் நிர்வாகியான டிபிகேஜியின் பட்டியலில் அந்தப் பேக்கேஜின் வரி ‘ஆர்சி’ என்று தொடங்கும்: ஆள் போய்விட்டார், பெட்டி படுக்கை இங்கேதான். பர்ஜ் கொடுத்தால் பேக்கேஜோடு வந்த அமைவுக் கோப்புகளும் போகும். ஆனால் ஜெயில்.லோக்கல் போல நாமே உருவாக்கியதை அது அறியாது. அடைவு காலியாக இல்லை, அதனால் நீக்கவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அந்த வரியை நான் வெகுநாள் படித்ததே இல்லை.

கிளாம்ஏவி நல்ல மென்பொருள்தான்; என் சர்வர்தான் அதற்குச் சிறியது. வைரஸ் அடையாளங்களை ஏற்றவே ஒரு ஜிபிக்கு மேல் ரேம் பிடிக்கிறது. புதிய அடையாளங்கள் வந்தால் பழையதை விடாமல் புதியதையும் ஏற்றுவதால், அந்நேரம் தேவை இரட்டிப்பாகும். ஒரு நள்ளிரவில் கர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) ரேம் போதாமல் என் தரவுத்தளத்தைக் கொன்று போட்டது. கன்கரன்ட் டேட்டாபேஸ் ரீலோட் என்ற அமைப்பை ‘நோ’ என மாற்றினால் அந்த இரட்டிப்பைத் தவிர்க்கலாம். ஆனால் வெளியாட்கள் யாரும் கோப்பு ஏற்றாத சர்வரில் இது எதற்கு? பின்னணியில் ஓடும் அதன் சேவையை (டீமன்) நீக்கினேன். சில வாரம் கழித்துப் பார்த்தால், அதற்குத் துணையாக வந்த ஃப்ரெஷ்கிளாம் இன்னமும் விசுவாசமாக அடையாளங்களை இறக்கிக்கொண்டிருந்தது. துணைக்கு வந்து இனித் தேவைப்படாதவற்றை நீக்கும் ஆட்டோரிமூவ் கொடுக்க மறந்திருந்தேன்.

ஆர்கேஹன்டர் ஒவ்வொரு அப்கிரேடுக்குப் பிறகும் கட்டளைக் கோப்புகள் மாறிவிட்டன என்று அலறும். மாறிய கோப்புகளைச் சரியானவை என்று பதிவுசெய்யும் பிராப்அப்டி கொடுத்தால்தான் அடங்கும். பத்து முறை பொய்யாக அலறினால் பதினோராவது முறை யார் எழுந்து பார்ப்பார்கள்? அதைவிட வேடிக்கை, பரிந்துரை என்ற பெயரில் அதனுடன் எக்சிம் அஞ்சல் சர்வரும் வந்து உட்கார்ந்திருந்தது. டெபியன் அதை உள்ளூர் முகவரியில் மட்டும் இயக்குவதால் ஆபத்தில்லை என்றாலும், காவலுக்கு வந்தவர் உறவினரையும் குடிவைத்த கதைதான். இப்போது எதையும் ‘பரிந்துரைகள் வேண்டாம்’ என்ற தேர்வோடுதான் நிறுவுகிறேன். அதற்கு முன் கட்டளையில் மைனஸ் எஸ் (-s) போட்டு என்னென்ன வரும் என்று ஒத்திகையும் பார்க்கிறேன்.

2023இல் டெபியன் 12 போட்ட இன்னொரு சர்வரில் ஃபெயில்2பேன் எழும்பவே மறுத்தது. அந்தப் பதிப்பில் லாக்குகளைக் கோப்பாக எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக வருவதில்லை, எனவே அது தேடும் லாக் கோப்பே இல்லை. லாக்கை எங்கிருந்து படிப்பது என்று சொல்லும் பேக்எண்டை சிஸ்டம்டி (சேவைகளை நிர்வகித்து அவற்றின் லாக்கையும் வைத்திருப்பது) என்று மாற்றியதும் சரியானது.

இன்று இரண்டிலும் இருப்பவை யுஎஃப்டபிள்யூ, ஃபெயில்2பேன், தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட் மூன்றே. உள்நுழைவு என் கணினியில் உள்ள சாவிக் கோப்பு வழியாக மட்டும், கடவுச்சொல்லே கிடையாது. தடை நேரத்தைப் பழையபடி பத்து நிமிடமாக்கிவிட்டேன்.