ரத்தமும் சாக்கடையும் படிந்த வீடு: நாமே கழுவுவதா, ஆள் கூப்பிடுவதா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நம்மவர் வீடுகளுக்கு இந்தத் தேவை வருவது பெரும்பாலும் மூன்று விதத்தில். அவுட்பில்டிங்கில், அதாவது வீட்டு வளாகத்திலேயே தனியாகக் கட்டிய அறையில், வாடகைக்கு இருந்த தனியாள் இறந்துபோய், நாலைந்து நாள் கழித்து வாடை அடித்த பிறகே தெரியவரும். கொள்ளையடிக்க வந்தவர்கள் யாரையாவது சுட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இல்லையென்றால் 2022 ஏப்ரல் மழையில் நடந்ததுபோல, சாக்கடைத் தண்ணீர் ஹாலுக்கே வந்துவிடும். போலீஸ் தடயம் எடுக்கும், பிணவறை வண்டி உடலைக் கொண்டுபோகும். தரையைக் கழுவுவது அவர்கள் வேலை இல்லை, அது வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

கையில் இருக்கும் வழிகள் மூன்று: நாமே செய்வது, சாதாரண கிளீனிங் கம்பெனி, ரத்தம் மாதிரி நோய் பரப்பும் கசிவை அகற்றுவதற்கென்றே இருக்கும் பயோஹசார்ட் கம்பெனி. எதை எடுப்பது என்பதை விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். கசிந்தது மேலேயே நின்றதா, உள்ளே ஊறிவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

ஓடு பதித்த தரையில் சிந்திய கொஞ்சம் ரத்தத்துக்கு யாரையும் கூப்பிட வேண்டாம். ரப்பர் கையுறை, முகக்கவசம், கண்ணாடி, ஒரு பாட்டில் ஜிக் (குளோரின் ப்ளீச்) போதும். ஆனால் ரத்தத்தின் மேலேயே ஜிக்கை ஊற்றிவிட்டு ஆச்சு என்று நினைக்கக் கூடாது. ரத்தம் குளோரினைத் தின்றுவிடும். முதலில் பேப்பரால் ஒற்றி எடுத்துத் துடைக்க வேண்டும். அப்புறம் 3.5 சதவீத ஜிக் ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். அமோனியா சேர்ந்த கிளீனரையோ டாய்லெட் ஆசிடையோ அதோடு கலந்தால் விஷவாயு வரும். காய்ந்த ரத்தம்தானே என்ற அலட்சியமும் வேண்டாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் வெளியே ஏழு நாளாவது உயிரோடு இருக்கும்.

‘நாமே’ என்றால் நாமே. வேலைக்கு வரும் அக்காவிடம் வாளியைக் கொடுப்பதைச் சேர்க்காதீர்கள். வீட்டு வேலை செய்பவர்களும் வேலைவிபத்து இழப்பீட்டுச் சட்டத்துக்குள் வருவார்கள் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்தது. சட்டத்தை விடுங்கள், நாம் தொடக் கூசுவதை இன்னொருவர் கையில் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றில் எனக்குப் பிடிக்காதது நடுவில் இருப்பது. கார்பெட் கழுவும் ஆட்கள் கூப்பிட்டதும் வருவார்கள், காசும் குறைவு. ஆனால் உடல் கிடந்த கார்பெட்டில் தண்ணீர் பாய்ச்சினால் கறை மேலே மறையும், கசிவு அடியில் இருக்கும் சிமெண்டுக்கு இறங்கும். அதே மெஷின் அடுத்த நாள் இன்னொரு வீட்டுக்குப் போகும். ரத்தம் ஊறிய துண்டுகள் கறுப்புப் பையில் கட்டி நகராட்சி லாரிக்குப் போகும், அதைக் கையால் தூக்குபவர் யாரோ. காசும் போய், கழிவை ஒழுங்காக அழித்ததற்கு ஒரு சான்றிதழும் கையில் இருக்காது.

பயோஹசார்ட் கம்பெனிக்காரர்கள் கழுவுவதைவிட வெட்டி எடுப்பதுதான் அதிகம். மெத்தை, கார்பெட், ஊறிய சீலிங் போர்டு எல்லாம் வெளியே போகும். தேவைப்பட்டால் சிமெண்டைச் சுரண்டி, மேலே கசிவும் வாடையும் வராதபடி பூச்சு அடிப்பார்கள். டர்பனில் நம்மவர் அதிகம் இருக்கும் சாட்ஸ்வர்த்தில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர் என்பதால் இது முக்கியம். நம் பக்கம் மூடி மறைத்தாலும் பக்கத்து வீட்டுக்கு வாடை போகும். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் வீடு தயாராக வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. மஞ்சள் தண்ணீரும் சாம்பிராணியும் கட்டாயம் உண்டு, ஆனால் அதெல்லாம் ஊறியது வெளியே போன பிறகு.

செலவு கனமானது, ஆகவே ஆளைப் பார்த்து எடுங்கள். இடத்தைப் பார்க்காமல் போனிலேயே விலை சொல்பவரை விட்டுவிடுங்கள். கிருமிநாசினிப் புகை அடித்தால் (ஃபோகிங்) போதும் என்பவரையும்தான். ஃபோகிங் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே போகாது. கழிவு எங்கே போகிறது என்று கேளுங்கள். சிவப்புப் பையில் கட்டி, உரிமம் உள்ள இடத்துக்கு அனுப்பி, பாதுகாப்பாக அழித்ததற்கான சான்றிதழ் தருவோம் என்று தடுமாறாமல் சொல்ல வேண்டும். வேலையாட்களுக்கு ஹெபடைடிஸ் பி ஊசி போட்டிருக்கிறதா என்றும் கேட்கலாம். ஏடிபி மீட்டரைக் காட்டி ‘கிருமியே இல்லை’ என்றால் உடனே நம்பாதீர்கள். அது அழுக்கு மிச்சத்தைத்தான் அளக்கும், எந்தக் கிருமி இருக்கிறது என்று சொல்லாது.

வெள்ளம் வந்த வீட்டுக்குக் கணக்கு வேறு. அங்கே கிருமியைக் கொல்வது பாதி, ஈரத்தை உலர்த்துவது பாதி. இரண்டு நாளுக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அதனால் ஈரம் உறிஞ்சும் பெரிய மெஷின்கள் வைத்திருக்கும் வெள்ளச் சேதக் கம்பெனியே மேல். சிமெண்டுத் தரையும் ஓடும் மட்டும் என்றால் பூட்ஸ் போட்டு நாமே வாரிக் கொட்டலாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்கவே வேண்டாம், எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) வரும்.

எந்த வழியானாலும், போலீஸ் இடத்தை விட்டுத்தரும் வரை எதையும் தொடாதீர்கள். அப்புறம் படம் எடுத்து, எதையும் தூக்கி எறியும் முன் இன்சூரன்ஸுக்குப் போன் போடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் ஆள்தான் செய்ய வேண்டும் என்று சில பாலிசிகள் சொல்லும். நீங்களாக ஆள் பிடித்துவிட்டுப் பில்லை நீட்டினால் இழுத்தடிப்பார்கள். சேதம் கலவரத்தால் வந்தது என்றால் சாதாரண பாலிசி பேசாது, அதற்கு அரசின் கலவரக் காப்பீடான சாஸ்ரியா கவர் இருக்கிறதா என்று பாருங்கள்.