அனலைசரைச் சரிபார்க்கப் பீட்டி லைன்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நெட்வொர்க் அனலைசரை (ஒரு பாகத்தில் சிக்னல் எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் கருவி) ஓப்பன் (திறந்த முனை), ஷார்ட் (குறுக்கிணைத்த முனை), லோடு (சிக்னலை விழுங்கும் முனை) அடங்கிய கிட்டால் காலிப்ரேட் செய்து முடித்ததும், அதே கிட்டின் லோடை மறுபடி மாட்டி, ரிட்டர்ன் லாஸ் (எண் கூடக் கூடப் பிரதிபலிப்பு குறைவு) 50 டெசிபலைத் தாண்டுகிறதா என்று பார்த்துத் திருப்திப்படும் வழக்கம் பலரிடம் உண்டு. அதனால் ஒன்றும் நிரூபணமாவதில்லை. அந்த லோடு 50 ஓம் என்று கருவிக்குச் சொன்னதே நாம்தான். சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். லோடு கெட்டிருந்தாலும் திரை அழகாகவே இருக்கும்.

கிட்டுக்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். எனக்கு அது பீட்டி லைன். இரு முனையிலும் 50 ஓம், நடுவில் மட்டும் 25 ஓம் உள்ள ஏர் லைன், அதாவது நடுக்கம்பியைச் சுற்றிக் காற்று உள்ள லைன். உள்ளே மின்னணுப் பாகம் எதுவும் கிடையாது, குழாயும் நடுக்கம்பியும்தான். நடுப்பகுதி 75 மில்லிமீட்டர் நீளம் என்றால் 1 கிகாஹெர்ட்ஸில் அது கால் அலைநீளம். மறுமுனையில் 50 ஓம் இருந்தால், அங்கே கருவிக்கு 12.5 ஓமாகத் தெரியும். ரிட்டர்ன் லாஸ் சுமார் 4.4 டெசிபல். 2 கிகாஹெர்ட்ஸில் பிரதிபலிப்பு கிட்டத்தட்ட மறைந்துவிடும். 3இல் மறுபடி உச்சி, 4இல் மறுபடி பள்ளம். எல்லாம் உலோகத்தின் அளவிலிருந்து வரும் எண்கள், கீழே போடாதவரை மாறாது.

பெரிய பிரதிபலிப்பும் சிறியதும் ஒரே ஸ்வீப்பில் சோதனைக்கு வந்துவிடுவதுதான் இதில் எனக்குப் பிடித்தது. பள்ளங்கள் மேலேறினால் முதலில் லோடைச் சந்தேகிப்பேன். உச்சிகளின் உயரம் ஒன்றுக்கொன்று வேறுபட்டால் ஓப்பனையும் ஷார்ட்டையும் எடுத்துப் பார்ப்பேன்.

ஆனால் மாட்டும் கை சரியில்லையென்றால் இதுவும் பொய் சொல்லும். 3.5 மில்லிமீட்டர் கனெக்டரில் டார்க் ரெஞ்ச் 0.9 நியூட்டன் மீட்டரில் மடங்கத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும். நட்டு மட்டும்தான் சுழல வேண்டும். உடம்பு சுழன்றால் நடு ஊசி தேயும். இறுக்கிய பிறகு கேபிளை லேசாக அசைத்து ஃபேஸ் கோடு நகர்கிறதா என்றும் பார்த்துவிடுவேன்.

குறைகளும் உண்டு. சில மெகாஹெர்ட்ஸில் இது வெறும் நேர் இணைப்பு போலத்தான் தெரியும். அங்கே டீயின் (T வடிவ இணைப்பான்) ஒரு காலில் 50 ஓம் மாட்டி, 3.5 டெசிபல் இழப்பு வருகிறதா என்று பார்ப்பது எளிது. அதிக இழப்பை அளக்கும் திறமையையும் இது சொல்லாது, அதற்குத் தனியாக ஒரு 40 டெசிபல் அட்டெனுவேட்டர் வேண்டும். பவர் மீட்டர் வேலையில் இதற்கு இடமே இல்லை. அங்கே சிக்கல் மிஸ்மேட்ச், அதாவது ஓம் பொருந்தாமல் சிக்னல் திரும்புவது: சோர்ஸ், சென்சார் இரண்டிலும் விஎஸ்டபிள்யூஆர் (அந்தப் பொருத்தமின்மையின் அளவு, 1 என்றால் பிரதிபலிப்பே இல்லை) 1.5 என்றால் அதுவே ஏறக்குறைய ±0.35 டெசிபல் சந்தேகம். அப்புறம் ரிப்போர்ட்டில் இரண்டு தசம இடம் எதற்கென்று எனக்கு இன்னும் புரியவில்லை.