அம்மாவுக்கு வாங்கிய பெரிய எழுத்து சங்கீதப் புத்தகம்

போன மாதம் புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் ஒரு கடையில் இதை வாங்கினேன். வேதாகமத்தில் சங்கீதம் என்று சொல்லுகிற 150 துதிப்பாட்டும் பழைய மொழிபெயர்ப்பில், தனிப் புத்தகமாக. கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் முழு வேதாகமத்தின் பொடி எழுத்து அம்மாவுக்கு ஒத்துவரவில்லை, மடியில் வைத்துக்கொள்ளவும் கனம். இதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு டியூப்லைட் வெளிச்சத்திலேயே தடங்கல் இல்லாமல் வாசிக்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வரிகளைப் பிரித்து அச்சடித்திருக்கிற விதம். எபிரெயப் பாட்டில் ஒரு வரி சொன்னதை அடுத்த வரி வேறு சொல்லில் வாங்கிக்கொள்ளும், அதைப் பத்தியாக ஓட்டிவிட்டால் பாட்டு என்பதே தெரியாமல் போகும். 114-ம் சங்கீதத்தைப் பாருங்கள். கடல் விலகி ஓடியது ஒரு வரி, அதற்குக் கீழேயே யோர்தான் ஆறு பின்னிட்டுத் திரும்பியது. இரண்டுக்கும் நடுவில் எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலர் அலைந்த 40 வருஷ வனாந்தரம் கிடக்கிறது, பாடினவர் அதை ஒரே மூச்சில் தாண்டிவிட்டு, கடலையும் மலையையும் பார்த்து "உங்களுக்கு என்ன வந்தது?" என்று கேட்கிறார். நாங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரர்கள், 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எங்கள் தெருவுக்குள் ஏறி வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். அந்தக் கேள்வி வந்ததும் அம்மாவின் விரல் அங்கேயே நின்றுவிடும். யூதர்கள் பஸ்கா பண்டிகையில் இன்றைக்கும் பாடுகிற பாட்டும்மா இது என்றேன். "கடலை அதட்டுகிறவரைப் பாடாமல் வேறு யாரைப் பாடுவது" என்றார்.

136-ம் சங்கீதத்தில் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்பதை 26 வசனத்திலும் கொஞ்சம் உள்ளே தள்ளித் தனி வரியாகப் போட்டிருக்கிறார்கள். ராத்திரி ஜெபத்தில் அம்மா மேல் வரியை வாசிக்க, மீதியை நாங்கள் எல்லோருமாகச் சொல்கிறோம். வாசிக்கத் தெரியாத என் சின்னவளும் சேர்ந்துகொள்கிறாள். செங்கடலைப் பிளந்தவர் என்று அம்மா சொல்லும்போது அவள் குரல்தான் முதலில் வரும்.

குறை என்றால் பைண்டிங். தையல் கிடையாது, வெறும் பசை. ஒரே மாதத்தில் 119-ம் சங்கீதத்துப் பக்கங்கள் கழன்றுவிட்டன, 176 வசனம் உள்ள அதைத்தான் அம்மா அதிகம் புரட்டுவார். இந்த விலைக்கு நூல் போட்டுத் தைத்திருக்கலாம்.

கத்தோலிக்க வீட்டுக்கு என்றால் திருப்பாடல்கள் என்று கேட்டு வாங்குங்கள், அது வேறு மொழிபெயர்ப்பு. பெரியம்மாவுக்கும் ஒன்று வாங்கப் போகிறேன், கையோடு பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவேன்.