ரிட்டயர் ஆனப்புறம் சொந்த கார் வேணுமா, பஸ் ரயில் ஆட்டோ போதுமா? நாங்க போட்ட கணக்கு

வேலைக்குப் போற காலத்துல வாங்கின கார், இப்ப ஆபீசும் இல்ல, பசங்களும் வெளியூர்ல, வண்டி மட்டும் கேட்டுக்குள்ள நிக்குது. இத வச்சுக்கறதா, இல்ல வித்துட்டு பஸ்சு ரயிலு ஆட்டோன்னு போயிடறதா? என் வயசுக்காரங்க வீட்ல முக்கால்வாசி இந்தப் பேச்சு ஓடிட்டு இருக்கும். நாங்க வித்துட்டோம், அதனால என் சாய்வு எந்தப் பக்கம்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு படிங்க. இன்னொண்ணு, இது சென்னை நங்கநல்லூர்ல ரெண்டே பேர் இருக்கற வீட்டோட கணக்கு. பழவந்தாங்கல் ஸ்டேஷனும் மெட்ரோவும் பக்கம், மெயின் ரோட்ல பஸ் உண்டு, கடை கண்ணி கோயில் எல்லாம் நடந்து போற தூரம். பஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணு வர்ற ஊர்ல இருக்கறவங்களுக்கு இது அப்படியே பொருந்தாது.

கார் பக்கம் இருக்கற நல்லது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வெயில் மழை இல்ல, நெனச்ச நேரத்துக்கு கெளம்பலாம், ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னா யாரையும் எழுப்ப வேண்டாம், பேரப் பசங்க வந்தா பீச்சுக்கு கூட்டிட்டுப் போகலாம். இதுல எதையும் நான் மறுக்கல. பஸ்ல கூட்டம், ஆட்டோக்காரர்கிட்ட பேரம், ஆப்ல புக் பண்ணினா கேன்சல் ஆகறது, இதுவும் எல்லாம் பார்த்ததுதான்.

நான் நிறுத்தி நிதானமா பேச விரும்பறது ஒரே ஒரு விஷயம், ஓடாம நிக்கற வண்டிக்கு ஆகற செலவு. நம்மள்ல நிறைய பேர் கார் செலவுன்னா பெட்ரோல் மட்டும்தான் கணக்குல எடுக்கறோம். "மாசம் ஆயிரம் ரூபாய்க்குக் கூட பெட்ரோல் போடறதில்ல, அது பாட்டுக்கு நிக்கட்டும்"னு என் மச்சினரே சொல்லுவார். ஆனா பெட்ரோல்தான் இதுல சின்ன செலவு. மீதி எல்லாம் வண்டி ஓடினாலும் ஓடலனாலும் வந்துட்டே இருக்கும்.

இன்சூரன்ஸ் எடுத்துக்குங்க. தேர்ட் பார்ட்டி (நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகற நஷ்டத்துக்கு) மட்டுமே 1000 சிசிக்கு மேல 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு 2022-ல ஃபிக்ஸ் பண்ணினது 3,416 ரூபா, அதுக்கு மேல ஓன் டேமேஜ் (நம்ம வண்டிக்கே ஆகற சேதத்துக்கு), ஓனருக்கான பர்சனல் ஆக்சிடென்ட் கவர், எல்லாத்துக்கும் மேல 18 பர்சென்ட் ஜிஎஸ்டி. எங்களுக்கு எல்லாம் சேர்ந்து எட்டாயிரத்து ஐநூறு பக்கம் வந்துட்டு இருந்துச்சு. அப்புறம் சர்வீஸ், பத்தாயிரம் கிலோமீட்டர் இல்லன்னா ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அதுக்கு ஆயில் மாத்தணும், நமக்கு எப்பவும் வருஷம்தான் முதல்ல வரும். அது ஒரு ஏழாயிரம். பேட்டரி மூணு நாலு வருஷத்துக்கு ஒண்ணு, நிக்கற வண்டிக்கு அதுக்கு முன்னாடியே போயிடும், வருஷத்துக்கு பங்கு போட்டா ஆயிரத்து முந்நூறு. டயர் தேஞ்சாதான் மாத்தணும்னு இல்ல, அஞ்சாறு வருஷத்துல ரப்பர் காஞ்சு பக்கவாட்டுல மயிர் மயிரா வெடிப்பு விட்டுடும், தரைல படற பட்டன் நல்லா இருந்தும் தூக்கிப் போட வேண்டியதுதான், நாலு டயரு பதினாறாயிரம்னா வருஷத்துக்கு இரண்டாயிரத்து எழுநூறு. காலைல வண்டி தொடைக்கற பையனுக்கு மாசம் அறுநூறு, வருஷத்துக்கு ஏழாயிரத்து இருநூறு. இதுவரைக்கும் கூட்டினாலே இருபத்தாறாயிரத்து எழுநூறு வருது, வண்டி இன்னும் தெருவுக்கே வரல.

இதெல்லாம் கையை விட்டுப் போற காசு, கண்ணுக்குத் தெரியும். தெரியாம போறது வண்டியோட மதிப்பு. பத்து வருஷம் தாண்டின சின்ன கார் வருஷத்துக்கு இருபது இருபத்தஞ்சாயிரம் இறங்கிட்டே இருக்கு, பதினஞ்சு வருஷம் நெருங்க நெருங்க இன்னும் வேகமா இறங்கும், ஏன்னா பதினஞ்சு வருஷம் முடிஞ்சா ஆர்டிஓ ஆபீஸ்ல எஃப்சி (வண்டி ஓடற நிலைமைல இருக்குன்னு சர்டிபிகேட்) காட்டி ஆர்சி (வண்டியோட பதிவுச் சான்று) புதுப்பிக்கணும், காருக்கு அந்த ஃபீஸ 2022 ஏப்ரல்ல 5,000 ரூபாயா ஏத்திட்டாங்க, பழைய வண்டிக்குப் போடற பச்சை வரி தனி, புதுப்பிச்சாலும் அஞ்சு வருஷம்தான். வாங்க வர்றவன் இதையெல்லாம் கணக்குப் போட்டுதான் விலை கேப்பான். போதாததுக்கு 2025 செப்டம்பர்ல சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டிய 18 பர்சென்ட்டா குறைச்சாங்க, புது வண்டி விலை இறங்கினா பழைய வண்டி விலையும் கூடவே இறங்கும். அதனால விக்கறதுன்னு மனசுக்குப் பட்டா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க.

இன்னும் ஒண்ணு விட்டுப்போச்சு. வித்த காசு ரெண்டு லட்சம்னு வைங்க, அத சீனியர் சிட்டிசன் டெபாசிட்ல 7 பர்சென்ட்டுக்குப் போட்டாலே வருஷம் 14,000 வட்டி. கார வச்சிருக்கறதால அந்த வட்டியும் போகுது. எல்லாத்தையும் சேர்த்தா, இருபத்தாறாயிரத்து எழுநூறு, மதிப்பு இறக்கம் இருபத்தஞ்சாயிரம், வட்டி பதினாலாயிரம், மொத்தம் 65,700. மாசத்துக்கு அஞ்சாயிரத்து ஐநூறு ரூபா, ஒரு சொட்டு பெட்ரோல் போடாம. பென்ஷன்ல ஓட்டறவங்களுக்கு இது மளிகை பில்லுக்கு சமம். அஞ்சாயிரத்து ஐநூறுக்கு ஒரு மாசத்துல எவ்வளவு ஆட்டோ ஏறலாம்னு நீங்களே பாத்துக்குங்க, எங்களால அதுல பாதிக்கு மேல செலவு பண்ண முடியல.

காசு மட்டும் இல்ல, நிக்கற வண்டி தொந்தரவும் குடுக்கும். ரெண்டு மூணு வாரம் எடுக்கலன்னா செல்ஃப் டக் டக்னு சத்தம் மட்டும் வரும். பானெட்ட தொறந்தா பேட்டரி மேல தேங்கா நாரு, வேப்பங்கொட்டை, காஞ்ச பிரெட் துண்டுன்னு எலி குடும்பமே நடத்தியிருக்கும், வைப்பருக்கு தண்ணி போற ட்யூப கடிச்சு துப்பியிருக்கும், அது பரவால்ல, ஒயரிங்ல பல்ல வச்சிருந்தா பில்லு வேற ரேஞ்சு. எங்க தெரு மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் சொல்லுவார், "சார், வண்டிய ஓட்டுங்க சார், ஓட்டினா ஆகற செலவ விட நிறுத்தி வச்சா ஆகற செலவு ஜாஸ்தி." அவர் வருமானமே நிக்கற வண்டிலதான், அவரே அப்படிச் சொல்லும்போது கேக்காம எப்படி.

அப்புறம் யார் ஓட்டறது? ராத்திரி எதிர் லைட்டு கண்ண கூசுது, ரிவர்ஸ்ல கழுத்து திரும்ப மாட்டேங்குது. 55 வயசுக்கு மேல லைசென்ஸ் புதுப்பிச்சா அஞ்சு அஞ்சு வருஷம்தான் குடுக்கறாங்க, டாக்டர் சர்டிபிகேட்டும் வேணும். தூரமா போகணும்னா நம்ம வயசுக்காரங்க ஆக்டிங் டிரைவர்தான் கூப்பிடறாங்க. கார் செலவும் நம்ம தலைல, டிரைவர் கூலி சாப்பாடும் நம்ம தலைல, அப்படின்னா வாடகை டாக்சியே கூப்பிட்டிருக்கலாமே?

இப்ப நாங்க எப்படி போறோம்னு சொல்றேன். வீட்டம்மாவுக்கு பஸ்சே இலவசம். 2021 மே மாசத்துலேந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு காசு கிடையாது, முன்னாடியும் பின்னாடியும் பிங்க் பெயின்ட் அடிச்ச பஸ் வந்தா ஏறிக்கலாம், கண்டக்டர் காசு இல்லாத டிக்கெட்ட கிழிச்சு குடுப்பார், அத வாங்கி வச்சுக்கணும். "ஏங்க, இதுல ஏறினா எனக்கு ஃப்ரீ, உங்களுக்குத்தான் டிக்கெட்"னு டீலக்ஸ் பஸ்ஸ விட்டுட்டு பின்னாடி வர்றதுக்காக நிக்க வைப்பாங்க. ஆம்பளைங்களுக்கும் ஒண்ணு இருக்கு, நிறைய பேருக்கு தெரியல. சென்னைல இருக்கற 60 வயசு ஆனவங்களுக்கு எம்டிசி (சிட்டி பஸ் ஓட்டற கழகம்) மாசத்துக்கு 10 பஸ் டோக்கன் இலவசமா குடுக்கறாங்க, 2016-லேந்து இருக்கற திட்டம், ஏசி பஸ்ல செல்லாது. ஆறு மாசத்துக்கு உண்டானத மொத்தமா குடுத்துடுவாங்க. ரேஷன் கார்டு, வயசுக்கு ஒரு ப்ரூஃப், ரெண்டு போட்டோ எடுத்துக்கிட்டு டிப்போவுலயோ பஸ் ஸ்டாண்ட்லயோ டோக்கன் குடுக்கற இடத்துக்குப் போனா அடையாள அட்டையோட குடுப்பாங்க. குடுக்க ஆரம்பிக்கற முதல் நாளே போகாதீங்க, கூட்டமா இருக்கும், ஒரு வாரம் கழிச்சுப் போனா உட்கார்ந்து வாங்கிட்டு வரலாம்.

தி.நகர் போகணும்னா மின்சார ரயில்தான், பழவந்தாங்கல்ல ஏறி மாம்பலத்துல இறங்கினா ரங்கநாதன் தெரு வாசல், மினிமம் டிக்கெட் அஞ்சு ரூபா. கார்ல போயிருந்தா பாண்டி பஜார்ல பார்க்கிங் தேடியே பாதி நேரம் போயிருக்கும். ஜிஎச் பக்கமோ சென்ட்ரலோ போகணும்னா மெட்ரோ, நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷன்ல ஏறினா மாறாம சென்ட்ரல், லிஃப்ட் இருக்கு, ஏசி இருக்கு, கார்டுலயோ க்யூஆர்லயோ எடுத்தா 20 பர்சென்ட் கம்மி. 2025 செப்டம்பர்ல வந்த சென்னை ஒன் ஆப்ல பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாத்துக்கும் ஒரே எடத்துல டிக்கெட் எடுக்கலாம், எங்க பொண்ணு லீவுல வந்தப்ப போட்டுக் குடுத்துட்டுப் போனா, ரொம்ப சுலபமா இருக்கு.

ஆட்டோ, டாக்சிக்கு நாங்க ஒரு வழக்கம் வச்சிருக்கோம். வித்த காசோட வட்டியையும் மிச்சமான இன்சூரன்ஸ் சர்வீஸ் காசையும் தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட்ல மாசாமாசம் போட்டுடறோம், ஆட்டோ டாக்சிக்கு அதுலேந்துதான் எடுக்கறது. அத ஏன் சொல்றேன்னா, காரை வித்தப்புறம் நிறைய பேர் ஆட்டோவுக்கு இருநூறு ரூபா குடுக்கணும்னா மனசு வராம வீட்லயே உட்கார்ந்துடறாங்க, கல்யாணம் காதுகுத்துக்கு கூட போறதில்ல. அது மிச்சம் பிடிக்கறது ஆகாது. காருக்கு மாசம் அஞ்சாயிரத்து ஐநூறு போயிட்டு இருந்தப்ப உறுத்தல, ஆட்டோவுக்கு இருநூறு ஏன் உறுத்தணும்? மழைன்னா, ஆஸ்பத்திரின்னா, ராத்திரின்னா யோசிக்காம வண்டி கூப்பிடறோம். ரொம்ப அவசரம்னா 108 இருக்கு, இலவசம்தான், நெஞ்சு வலிக்காரர கார்ல பின் சீட்ல படுக்க வச்சு நாமே பதட்டத்தோட ஓட்டறத விட ஆக்சிஜன் இருக்கற வண்டி எவ்வளவோ மேல்.

வெளியூர் விஷயத்துல மட்டும் முன்ன மாதிரி லாபம் இல்ல. ரயில்ல சீனியர் சிட்டிசன் சலுகை, ஆம்பளைக்கு 40 பர்சென்ட், பெண்களுக்கு 50 பர்சென்ட் இருந்தத 2020 மார்ச்ல நிறுத்தினாங்க, அது எனக்கு இன்னிக்கும் வருத்தம்தான். லோயர் பெர்த் கோட்டா மட்டும் இருக்கு, ஆம்பளைக்கு 60, பெண்களுக்கு 45 வயசுலேந்து, புக் பண்ணும்போது அத செலக்ட் பண்ண மறக்காதீங்க. முழு டிக்கெட் குடுத்தும் கும்பகோணம் போயிட்டு வர ரெண்டு பேருக்கு ஸ்லீப்பர்ல ஆகறது, கார்ல போனா பெட்ரோலுக்கே ஆகற நாலாயிரத்துக்கு கிட்டவே வராது, டோல் வேற.

ஸ்கூட்டர் மட்டும் வச்சுக்கலாமேன்னு கேப்பீங்க. பேலன்ஸ் நல்லா இருக்கற வரைக்கும் சரி, அறுபத்தஞ்சுக்கு மேல ஒரு தடவ விழுந்தா இடுப்பு எலும்பு, அந்த ஆபரேஷன் செலவுல கார் வாங்கிடலாம், அதனால நான் அந்தப் பக்கம் போகல.

எனக்கு அனுபவம் பத்தாத எடங்களையும் சொல்லணும். எங்களுக்கு இப்ப முழங்கால் பரவால்ல, பஸ் படி ஏற முடியுது. எழுபத்தஞ்சு எண்பதுல என்ன ஆகும்னு இப்ப சொல்ல முடியாது, அப்ப முழுக்க முழுக்க டாக்சின்னு ஆனா கணக்கு கொஞ்சம் மாறும், ஆனா அந்த வயசுல நாமே ஓட்டவும் போறதில்ல. வீட்ல வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ டயாலிசிஸ் போற ஆள் இருக்காங்க, ஓட்டறதுக்கு மகனோ மருமகளோ கூடவே இருக்காங்கன்னா வித்துடாதீங்க, அங்க வண்டி நிக்காது, ஓடும். எலக்ட்ரிக் கார் வச்சிருக்கறவங்க கணக்கு வேற மாதிரி வரும், நான் ஓட்டினதில்ல, அதனால அதுல பேச மாட்டேன்.

விக்கறதுன்னு முடிவு பண்ணினவங்களுக்கு, விலைய விட முக்கியம் ஆர்சி மாறறது. ஓனர் பேர் மாத்தற ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து போட்டு வண்டிய குடுத்துட்டோம், வேலை முடிஞ்சுதுன்னு இருந்துடாதீங்க. ஆர்டிஓ ரெக்கார்டுல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், விபத்து ஆனா நஷ்ட ஈட்டுக்கு அவர்தான் பொறுப்புன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. பரிவாகன்ங்கற அரசாங்க வண்டிப் பதிவு சைட்ல வண்டி நம்பர் போட்டு பேர் மாறிடுச்சான்னு பார்க்கற வரைக்கும் வாங்கினவர விடாம போன் பண்ணிட்டே இருங்க. லோன் இருந்து கட்டி முடிச்சிருந்தா பேங்க்ல ஃபார்ம் 35, என்ஓசி வாங்கி ஹைப்போதிகேஷன (ஆர்சில இருக்கற பேங்க் அடமானக் குறிப்ப) முன்னாடியே எடுத்துடுங்க, இல்லன்னா கடைசி நேரத்துல அதச் சொல்லியே விலைய குறைப்பாங்க. டோலுக்கு ஒட்டியிருக்கற ஃபாஸ்டேக் (FASTag) அக்கவுன்ட்ட க்ளோஸ் பண்ணுங்க, இல்லன்னா அவர் டோல்ல போற காசு உங்க அக்கவுன்ட்ல கழியும். இன்சூரன்ஸ் கம்பெனில நோ க்ளெய்ம் போனசுக்கு (க்ளெய்ம் பண்ணாம இருந்ததுக்குக் குடுக்கற தள்ளுபடிக்கு) ஒரு லெட்டர் கேட்டு வாங்கி வச்சுக்குங்க, மூணு வருஷத்துக்கு செல்லும், நடுவுல மனசு மாறி வேற கார் வாங்கினா ஓன் டேமேஜ் பிரீமியத்துல 50 பர்சென்ட் வரைக்கும் குறையும்.