ஜான் ஆர்லட்டின் வர்ணனைப் பதிவுகள்: ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தின் கிரிக்கெட் வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டின் குரல் இன்று இணையத்தில் சிறு சிறு துணுக்குகளாகக் கட்டணமின்றிக் கேட்கக் கிடைக்கிறது. ஒரு வார காலம் இரவு நேரங்களில் அவற்றை மட்டுமே கேட்டுவந்தேன்.

முதலில் கவனத்தை ஈர்ப்பது பேச்சின் மண்வாசனை. பேசிங்ஸ்டோக்கில் 1914இல் பிறந்து, சவுத்தாம்ப்டனில் பத்தாண்டுகளுக்கு மேல் காவல் பணியில் இருந்த ஆர்லட், கவிதை எழுதிய பழக்கத்தால் 1945இல் பிபிசியின் இலக்கிய நிகழ்ச்சித் தயாரிப்பாளரானார். ஆயினும் தான் பிறந்த ஹாம்ப்ஷயர் வட்டார வழக்கை அவர் விட்டுவிடவில்லை. 1946இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியின் ஆட்டங்களை இந்திய நேயர்களுக்காக விவரித்ததே அவருடைய வர்ணனை வாழ்வின் தொடக்கம் என்பதால், நம்மவர் காதுகளுக்கும் அக்குரலில் ஒரு பங்கு உண்டு.

1948, ஓவல் மைதானப் பதிவை மூன்று முறை கேட்டேன். தன் கடைசி டெஸ்ட் ஆட்டத்தில் களமிறங்கிய ஆஸ்திரேலியத் தலைவர் பிராட்மன், இங்கிலாந்தின் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்தில் ஓட்டமின்றி வெளியேறுகிறார். ஆர்லட் பதறவில்லை, செய்தியைச் சொல்லி, சற்று நிறுத்தி, மீண்டும் அதையே சொல்லிவிட்டு, எதிரணியினரே சூழ்ந்து நின்று வாழ்த்தொலி எழுப்பிய பின் ஒரு மனிதனுக்குப் பந்து தெளிவாகத்தான் தெரியுமா என்று தனக்குள் கேட்பவர்போல் வியக்கிறார். 1975 உலகக் கோப்பை இறுதியில் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பினத் தலைவர் கிளைவ் லாய்டின் ஓர் அடியை, கைத்தடியால் முட்செடியின் தலையைத் தட்டிவிடுபவனின் வீச்சுக்கு ஒப்பிடுகிறார். பலத்தை அல்ல, அலட்சியத்தைக் கண்டெடுத்த உவமை அது.

குறை என்றால், கிடைப்பவை பெரும்பாலும் புகழ்பெற்ற தருணங்களே. ஒன்றும் நிகழாத பிற்பகலை அவர் எப்படி நகர்த்தினார் என்பதை இத்துணுக்குகளால் அறிய முடியாது; அவருடைய திறமையின் பெரும்பகுதி அங்கேதான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். பழைய பதிவுகளில் இரைச்சலும் மிகுதி. ஹெட்ஃபோன் இல்லாமல் கேட்பது வீண்.

எழுத்தாளர் ஆர்லட்டை இப்பதிவுகளில் தேட வேண்டாம். 1968 முதல் கார்டியன் நாளிதழின் கிரிக்கெட் செய்தியாளராக இருந்த அவர், அதே இதழில் மதுவகைகளைப் பற்றியும் எழுதினார். நிறவெறிச் சட்டத்தால் தாய்நாடான தென்னாப்பிரிக்காவின் அணியில் இடம்பெற முடியாத வெள்ளையரல்லாத வீரர் பசில் டி'ஒலிவெய்ரா, உதவி வேண்டிக் கடிதம் எழுதியது அவருக்குத்தான். ஆர்லட்டின் முயற்சியால் 1960இல் இங்கிலாந்தின் மிடில்டன் கிரிக்கெட் சங்கத்தில் டி'ஒலிவெய்ராவுக்கு வாய்ப்புக் கிடைத்தது. 1970இல் தென்னாப்பிரிக்க அணி வருவதாக இருந்தபோது, அந்த ஆட்டங்களுக்கு வர்ணனை செய்ய மாட்டேன் என்று ஆர்லட் அச்சிலேயே அறிவித்தார். மேற்சொன்ன லாய்ட் பதிவை, இதை அறிந்தபின் கேட்பது வேறோர் அனுபவம்.

1980 செப்டம்பர், லார்ட்ஸ் நூற்றாண்டு டெஸ்ட் பதிவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அது அவருடைய இறுதி டெஸ்ட் வர்ணனை. விடைபெறும் சொல் ஒன்றுகூட இல்லை. இங்கிலாந்து மட்டையாளர்கள் பாய்காட், டேவிட் கோவர் ஆகியோரின் ஓட்டங்களைச் சொல்லி, டிரெவர் பெய்லிக்குப் பின் கிறிஸ்டோபர் மார்ட்டின்-ஜென்கின்ஸ் பேசுவார் என்று வழக்கம்போல் முடித்துக்கொள்கிறார். அவர் வர்ணனையை முடித்துவிட்டார் என்ற ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டு அரங்கமே எழுந்தது, மட்டையுடன் நின்ற பாய்காட் கையுறையைக் கழற்றிக் கைதட்டினார்.