ஜெஸ்ஸி ஜேம்ஸ் கும்பலா, வைல்ட் பன்ச்சா? எதை முதல்ல படிக்கலாம்

அமெரிக்க கொள்ளைக்காரங்க பத்தி படிக்க ஆரம்பிக்கிறவங்க இந்த ரெண்டுல எதுன்னு முழிக்கிறாங்க, அதான் எழுதுறேன்.

ஆரம்பம்: ஜெஸ்ஸி ஜேம்ஸோட ஜேம்ஸ்-யங்கர் கும்பல் மிசௌரில, அமெரிக்க உள்நாட்டுப் போர்ல தெற்கு மாநிலங்களுக்காக கெரில்லாவா சண்டை போட்டவங்க. வைல்ட் பன்ச் 1890கள்ல வயோமிங், யூட்டா பக்கம், பல பேரு மாடு மேய்ச்ச கௌபாய்ங்க.

வேலை: முதல் கும்பல் நேரா பேங்க்குக்குள்ள துப்பாக்கியோட போகும். வைல்ட் பன்ச் தலைவன் புட்ச் காசிடியோட ஆளுங்க தப்பிக்கிற வழில அங்கங்க புதுக் குதிரைய முன்னாடியே நிறுத்தி வச்சிருப்பாங்க, 1899ல வயோமிங்ல இருக்கிற வில்காக்ஸ்ல டைனமைட் வச்சு ரயில் பெட்டியவே உடைச்சாங்க.

முடிவு: 1876 செப்டம்பர் 7, மின்னசோட்டால நார்த்ஃபீல்ட் ஊர் பேங்க்க கொள்ளையடிக்க ஜேம்ஸ் கும்பல் போச்சு. பெட்டகத்த திறக்க மாட்டேன்னு நின்ன பேங்க் ஊழியர் ஜோசப் ஹேவுட்ட கொன்னுட்டாங்க, ஆனா ஊர் ஜனமே துப்பாக்கி எடுத்து கும்பல்ல ரெண்டு பேர தெருவுலயே சாய்ச்சது, ரெண்டு வாரத்துல யங்கர் சகோதரங்க மூணு பேரும் மாட்டிக்கிட்டாங்க, ஜெஸ்ஸி தப்பிச்சு 1882ல சொந்த ஆள் பாப் ஃபோர்ட் கையால செத்தான். என்னைக் கேட்டா உண்மையான ஹீரோ ஹேவுட்தான், அவர் பேர முதல்ல சொல்லணும். வைல்ட் பன்ச்ல புட்ச்சும் அவன் கூட்டாளி சன்டான்ஸ் கிட்டும் பிங்கர்டன்ங்கிற துப்பறியும் கம்பெனியோட துரத்தல் தாங்காம 1901ல அர்ஜென்டினா போனாங்க.

போர் விட்டுட்டுப் போன பகை புரியணும்னா ஜேம்ஸ் கும்பல். ரயில், துப்பறியும் கம்பெனி, திட்டம் போடுறது இதெல்லாம் பிடிக்கும்னா வைல்ட் பன்ச். ரெண்டுக்கும் நேரம் இருந்தா நார்த்ஃபீல்ட்ல இருந்து தொடங்குங்க.